எங்கள் ஒழுங்கையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லம் வரப்போகிறது. எதிர்ப்புப் பெட்டிசத்தில் கையெழுத்துப் போடலாமா?

நான் போடவில்லை. திருகோணமலை உப்புவெளிப் பக்கம் எங்கள் ஒழுங்கையிலும் இதே பெட்டிசம் வந்தது. அறிவுசார் குறைபாடு உள்ள ஆறு ஆண்கள், பராமரிப்பாளர்கள் இரண்டு பேரோடு ஒரு வாடகை வீட்டில் இருக்கப்போகிறார்கள் என்று கதை பரவிய கையோடு, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தாளும் பேனையுமாக வீடு வீடாக வந்தார். நல்ல மனுசர். காரணங்களை வரிசையாக டைப் அடித்திருந்தார்: பொம்பிளைப் பிள்ளைகள் போய்வரும் பாதை, காணி விலை இறங்கும், ஒழுங்கை ஒடுக்கம், மலக்குழி நிரம்பும், இரவில் சத்தம், கோயிலுக்குக் கிட்ட. கோயில் இதற்குள் எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"சேர், மூலை வீட்டில் ரியூட்டரி திறக்கேக்க ஏன் பெட்டிசம் வரேல்ல?" என்று கேட்டேன். பின்னேரம் அந்த வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கிற நிலையில் ஓட்டோ உள்ளே வராது. அதற்கு அங்கால வீட்டில் சுற்றுலாக்காரருக்கு அறை விடுகிறார்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் நடுச்சாமத்திலும் பாட்டு. மலக்குழி பவுசர் அடிக்கடி வருவதும் அங்கேதான்.

"அது வேற, தம்பி" என்றார்.

எப்படி வேறு என்று 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு நகரத்தைக் கேட்டிருக்கிறது. டெக்சாஸில் கிளீபர்ன் என்ற ஊர். அறிவுசார் குறைபாடு உள்ள 13 பேருக்கான வீட்டுக்கு விசேட அனுமதி எடுக்கவேண்டும் என்று நகர சபை சொல்லி, பிறகு அதையும் மறுத்துவிட்டது. சொன்ன காரணங்களைப் பாருங்கள்: அயலவர்கள் பயப்படுகிறார்கள், எதிரே பள்ளிக்கூடம், வெள்ளம் வரக்கூடிய காணி, ஒரே வீட்டில் ஆட்கள் கூட. ஆனால் அதே இடத்தில் தங்கும் விடுதிக்கோ முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கோ விசேட அனுமதி தேவையில்லை. வெள்ளம் வந்தால் அவர்களும்தானே நனைவார்கள்? எதிரே இருந்த பள்ளியில் அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்கள் ஏற்கெனவே சுமார் 30 பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அயலவரின் வெறும் பயத்தையும் வெறுப்பையும் வைத்து அனுமதி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1988இல் அவர்களுடைய வீட்டுவசதிச் சட்டத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதுகாப்பைச் சேர்த்தார்கள்.

எங்கள் நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆவது உறுப்புரை, எங்கே, யாரோடு வாழ்வது என்று தெரிவுசெய்யும் உரிமை மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் உண்டு என்கிறது. ஆனால் பெட்டிசம் கொண்டு வருபவரிடம் உறுப்புரை கதைத்துப் பலனில்லை. ரியூட்டரிக் கேள்வியைக் கேளுங்கள், அது வேலை செய்யும்.

காணி விலை? அமெரிக்காவில் இதைப் பல தடவை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான ஆய்வுகளில் விலை இறங்கியதாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் விலையைத் தீர்மானிப்பது கடலுக்கு எவ்வளவு கிட்ட, காணி உறுதிப் பத்திரத்தில் சிக்கல் இருக்கா என்பதுதான். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய பயத்தை மட்டும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். தாய்க்கு வரும் பயம் அது. ஆனாலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வன்முறைக்கு ஆளாகிறவர்கள். பயப்படக் காரணம் உள்ள தரப்பு அவர்கள்தான்.

அவர்கள் வந்தே விட்டார்கள். அதில் ஒருவருக்கு நாற்பது வயதிருக்கும். காலையில் கேற்றடியில் நின்று, சந்தையால் வருகிற எல்லோரிடமும் "என்ன மீன்?" என்று கேட்பார். பாரை என்றால் முகம் மலரும். சூரை என்றால் கையை விசிறி எங்களைப் போகச் சொல்லிவிடுவார். மரக்கறி மட்டும் வாங்கி வந்தால் பாவம், என்ன சொல்வதென்று அவருக்கே தெரியாது. வாத்தியாரும் இப்போது பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகிறார்.

கரைச்சலே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருவர் விடியப்புறம் ரேடியோவைக் கூட்டிவைப்பார். பராமரிப்பாளரிடம் போய்ச் சொன்னோம், குறைத்தார்கள். அறை விடுகிற வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு இன்னும் பலனில்லை.

உங்கள் ஒழுங்கை விசயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முதல், நடத்துபவர்களை நேரில் போய்ச் சந்தியுங்கள். எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள், இரவில் யார் நிற்பார்கள், அவசரத்துக்கு எந்த நம்பருக்கு எடுப்பது, பகலில் அவர்களுக்கு வேலையோ பயிற்சியோ இருக்கா என்று கேளுங்கள். மூன்று அறைக்குள் முப்பது பேரை அடைக்கிற திட்டமென்றால், நீங்கள் எதிர்க்கத்தான் வேண்டும், அதுவும் உள்ளே இருக்கப்போகிறவர்களுக்காக. அப்படியென்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பிடித்து எழுத்தில் கொடுங்கள். ஐந்தாறு பேர் என்றால் குப்பை வண்டி எந்த நாளில் வரும், தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.