குழந்தைகளிடம் நாள்பட்ட நோய்கள் ஏன் கூடுகின்றன?

மாதக்கணக்கில், சில சமயம் வாழ்நாள் முழுக்க, கூடவே இருந்து தொடர் கவனிப்பைக் கேட்பதுதான் நாள்பட்ட நோய். ஆஸ்துமா, வலிப்பு, முதல் வகை சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் கிட்டத்தட்ட சுரக்காமல் போவது) எல்லாம் இதில் அடங்கும்.

இப்படி நோயோடு வாழும் குழந்தைகளின் எண்ணிக்கையை ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி பாருங்கள். வரத்து கூடினாலும் மட்டம் ஏறும், வெளியேற்றம் குறைந்தாலும் ஏறும். குழந்தைகள் விஷயத்தில் இரண்டாவதற்கு, அதாவது இறப்பு குறைந்ததற்கு, பெரிய பங்கு உண்டு. 1922-க்கு முன், அதாவது இன்சுலின் சிகிச்சை வருவதற்கு முன், முதல் வகை சர்க்கரை நோய் வந்த குழந்தை பெரும்பாலும் ஓரிரு வருடங்களில் இறந்துவிடும். இன்று அதே குழந்தை ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறது, அதனால் கணக்கிலும் வருகிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களும், இதயக் குறையோடு பிறந்தவர்களும் இப்படித்தான் பிழைத்து வளர்கிறார்கள். இந்த ஏற்றம் மருத்துவத்தின் வெற்றி என்றே நான் சொல்வேன்.

அப்புறம், கண்டறியும் முறையும் மாறியிருக்கிறது. மற்றவர்களோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடான ஆட்டிசத்துக்கான வரையறை விரிந்ததால், முன்பு 'பிடிவாதக்காரன்' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு இன்று உதவி கிடைக்கிறது. அதே சமயம் உடல் பருமனும், அதோடு வரும் இரண்டாம் வகை சர்க்கரை நோயும் நிஜமாகவே கூடியிருக்கின்றன. அதுதான் கவலைப்பட வேண்டிய ஏற்றம்.

தடுப்பூசிதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பலர் நினைப்பது தவறு: பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் அப்படி எந்தத் தொடர்பையும் காணவில்லை, மாறாக 1988-க்குப் பிறகு போலியோவை 99 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது தடுப்பூசிதான்.