சேலத்தில் வேலை, குடும்பம் என்று இருக்கும் கணவனும் மனைவியும் இமயமலைச் சிகரம் ஏறும் அளவுக்கு வர முடியுமா?

முடியும். நானும் என் மனைவியும் அப்படித்தான் வந்தோம். ஆனால் இருவரும் ஒரே உயரத்துக்கு வந்து சேரவில்லை என்பதையும், அதற்குப் பாதிக் காரணம் நான் சொன்ன ஒரு பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பதில் நேர்மையாக இருக்கும்.

எனக்குச் செவ்வாய்பேட்டையில் ஒரு சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. மனைவி பள்ளி ஆசிரியை. நாள் முழுவதும் சம்மணமிட்டு உட்கார்ந்து பற்றவைக்கும் வேலையால் 2013-இல் எனக்கு இடுப்புவலி வந்தபோது மருத்துவர் நடக்கச் சொன்னார். தனியாக அனுப்பினால் டீக்கடையோடு திரும்பிவிடுவேன் என்று தெரிந்த மனைவியும் கூடவே கிளம்பினார். சில மாதங்களில் அந்த நடை ஏற்காடு அடிவாரத்துக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நடந்தே ஏறி, மேலே இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேருந்தில் இறங்குவோம். வழியில் பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி, "வண்டி பஞ்சருங்களா சார்?" என்று அக்கறையோடு கேட்பார்கள். நடப்பதற்காகவே நடக்கிறோம் என்றால் யாரும் நம்பியதில்லை.

சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டர் அளவிலும் இருப்பதால், ஒரே காலையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிப் பழகும் வசதி நமக்கு வாசலிலேயே கிடைத்திருக்கிறது. சென்னையில் இருக்கும் நண்பர்கள் இதற்காக அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். முதுகுப் பையில் பத்து லிட்டர் தண்ணீரைச் சுமந்து ஏறி, மேலே செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கினால் முழங்கால் தப்பிக்கும். (சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் போவதானால் வனத்துறை அனுமதி வேண்டும், 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்து நடந்த பிறகு இதற்கென்றே விதிகள் வந்துவிட்டன.)

ஆனால் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலை தருவது கால்பலமும் மூச்சுப்பலமும் மட்டுமே. உயரத்துக்கு உடலைப் பழக்க அதனால் முடியாது. கோயில் இருக்கும் உச்சியே சுமார் 1,620 மீட்டர்தான். காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் 21 சதவீதம்தான் என்றாலும், காற்றழுத்தம் குறையக் குறைய ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது; 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடும். இதை உடல் அங்கே போய்த்தான் பழக வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பின் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வெடுத்துப் போவதுதான் ஏற்கப்பட்ட வழி. நன்றாக ஓடுகிறவருக்கும் மலைநோய் (உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் தலைவலியும் குமட்டலும்) வரும், மூச்சு வாங்க நடக்கிறவருக்கு வராமலும் போகும். இருபதாவது வளைவில் எப்போதும் பத்து நிமிடம் முன்னால் நிற்பவன் நான் என்பதால், இதைப் படித்திருந்தும் நம்பவில்லை.

உத்தராகண்டில் கேதார்காண்டா போன்ற எளிய பனிமலை நடைகள் இரண்டை முடித்த பிறகு, முறையாகப் பயிற்சி பெற விரும்பினோம். உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சி 28 நாட்கள். அதற்கு வயது வரம்பு நாற்பது. 2017-இல் எனக்கு நாற்பத்தொன்று, அவருக்கு முப்பத்தைந்து. சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் மட்டும் போனார். டெக்லா பாறைகளில் கயிறு பிடிக்கவும், டோக்ரியானி பனியாற்றில் கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் முட்கள்) மாட்டி நடக்கவும், சறுக்கினால் பனிக்கோடரியைக் குத்தித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளவும் கற்றுக்கொண்டு, ஏ கிரேடும் வாங்கி வந்தார். அந்த ஒரு மாதம் மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டது என் பங்கு. அதன் பிறகு மலையில் அவர் சொல்வதை நான் கேட்க வேண்டும் என்றானது. பட்டறையில் நாலு பேரை வேலை வாங்குகிறவனுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை.

மணாலி அருகே 5,289 மீட்டர் பிரெண்ட்ஷிப் சிகரத்தை 2018-இல் இருவரும் வழிகாட்டியோடு ஏறினோம். மறு ஆண்டு, சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், லடாக்கில் 6,250 மீட்டர் காங் யாட்சே 2. லே நகரில் ஓய்வெடுத்து, மார்க்கா பள்ளத்தாக்கு வழியாக நடந்து, ஐயாயிரம் மீட்டரைத் தாண்டிய அடித்தள முகாமை அடைந்த மாலையில் எனக்குத் தலை இடித்தது. சோறு இறங்கவில்லை. "ஏங்க, தலை வலிக்குதா?" என்று அவர் கேட்டபோது, வெயில் சூடுதான் என்றேன். ஆறு ஆண்டுகளாக அவர் கண்ட கனவை என் தலைவலி கெடுத்துவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். தனியாக வந்திருந்தாலோ, அறிமுகமில்லாத குழுவில் இருந்திருந்தாலோ உண்மையைச் சொல்லியிருப்பேன்.

நள்ளிரவில் கிளம்பி, பனிச் சாய்வில் 5,800 மீட்டர் அளவில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வழிகாட்டி என்னை நிறுத்தி, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சாய்ந்தேன். அது மூளை வீங்கத் தொடங்குவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதும், உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து என்பதும் மூவருக்கும் தெரியும். வழிகாட்டி ஒருவர்தான் என்பதால் மனைவியும் என்னோடு இறங்க வேண்டியதாயிற்று. இறங்க இறங்கத் தலை தெளிந்தது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. சேலம் வந்த பிறகுதான், "முந்தின நாளே சொல்லியிருந்தா நீங்க முகாம்லயே இருந்திருப்பீங்க, நான் போயிருப்பேன்" என்றார். மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இத்தாலியைச் சேர்ந்த நிவெஸ் மெரோய், ரொமானோ பெனெத் தம்பதியைப் பற்றிப் பலர் எடுத்துச் சொல்வார்கள். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய பதினான்கு சிகரங்களையும் ஏறும் முதல் பெண் யார் என்ற போட்டி நடந்துகொண்டிருந்த 2009-இல், காஞ்சன்ஜங்காவில் கணவருக்கு முடியாமல் போகவே, மெரோயும் அவரோடு இறங்கிவிட்டார். கணவருக்கு நடந்த எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு 2014-இல் இருவரும் அதே சிகரத்தை ஏறினார்கள்; 2017-இல் அன்னபூர்ணாவோடு பதினான்கையும் சேர்ந்தே முடித்தார்கள். எல்லாரும் மனைவியின் தியாகத்தைப் போற்றுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, முடியவில்லை என்று கணவர் தன் வாயால் சொல்ல முடிந்த இடம்.

2022 ஜூலையில் என் மனைவி வேறொரு குழுவோடு காங் யாட்சே 2 சிகரத்தை ஏறினார். நான் அடித்தள முகாம் வரை போய், இரவு முழுவதும் சாய்வில் நகர்ந்த தலைவிளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. தலைவலி, வயிற்றுக் குமட்டல், சோர்வு, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் லேக் லூயிஸ் முறைப்படி, 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு மாலையும் இருவரும் தனித்தனித் தாளில் எழுதி, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் வழிகாட்டியிடம் கொடுத்துவிடுகிறோம். தலைவலியோடு கூட்டுத்தொகை மூன்றைத் தொட்டால், அந்தத் தாளை எழுதியவர் மறுநாள் மேலே ஏறுவதில்லை. ஒருவர் திரும்பினாலும் மற்றவர் தொடர முடியும்படி, செலவானாலும் இரண்டு வழிகாட்டிகளை வைத்துக்கொள்கிறோம். கடைசியாகப் போன நடையில் என் தாளில் நான்கு, அவர் தாளில் ஒன்று.