பூட்டிக் கிடக்கும் வீட்டில் தேள்: மருந்துக்கு முன்னால் ஒரு டார்ச்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கிறது. அடுத்த மாதம் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வருகிறோம், கைக்குழந்தைகள் உண்டு. போன தடவை முற்றத்தைச் சுற்றிய வளவில் ஒரு தேள், குளியலறையில் ஒரு தேள். என்ன மருந்து அடிக்கலாம்? – ஒரு வாசகி

மருந்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு யூ.வி. டார்ச் வாங்குங்கள், ஆச்சி. கள்ளநோட்டுப் பார்க்கக் கடையில் வைத்திருப்பார்களே, அதே ஊதா வெளிச்சம்தான். 395 நானோமீட்டர் என்று போட்டது போதும். இரவு ஒன்பது மணிக்கு மேல் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஷூ போட்டுக்கொண்டு முகப்பிலிருந்து பின்கட்டு வரை மெதுவாக நடந்து பாருங்கள். தேளின் மேலோடு அந்த வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். பத்தடி தள்ளி நின்றாலே தெரியும். சலவை வேட்டியும் நூல் துணுக்கும்கூட வெளுப்பாக மின்னும், ஏமாந்துவிடாதீர்கள். தேள் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடிக்கிற மருந்து பாதி வீண்.

மூன்று முறை மருந்து அடித்தும் தேள் ஓயாத ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சுவர், அலமாரி, மச்சுப்படி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் தேக்குக் கதவின் அடியில் குடுமி, அதாவது கதவைத் தாங்கும் முளை, சுழல்கிற குழிக்கு நேராக டார்ச்சைப் பிடித்தேன். தூசிக்கும் கரப்பான் இறக்கைக்கும் நடுவில் பச்சையாக ஒரு வால் நுனி மட்டும் தெரிந்தது. வீட்டுக்காரர் அந்தக் கதவைத்தான் தினமும் வெறுங்காலோடு தள்ளித் திறந்துகொண்டிருந்தார்.

மருந்து ஏன் சரியாகக் கேட்பதில்லை? கரப்பான் காலையும் மீசையையும் வாயால் சுத்தம் செய்யும். ஒட்டிய மருந்து உள்ளே போய்விடும். தேளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. காலை ஊன்றி உடம்பைத் தூக்கி நடப்பதால், தரையில் காய்ந்த மருந்து அதற்கு அவ்வளவாக உறைக்காது. ஆனால் கரப்பானையும் சில்வண்டையும் ஒழிக்க மருந்து உதவும். தேளுக்குச் சாப்பாடே அவைதான். உடனே பலன் தெரியாது. தேள் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

அடைப்புதான் உண்மையான வைத்தியம். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்புக்கும் குளியலறை வடிகாலுக்கும் கொசுவலை போலப் பொடிக்கண் எஃகு வலை வையுங்கள். கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை அடியுங்கள். ஒரு ரூபாய்க் காசு நுழைகிற இடைவெளியில் குட்டித்தேள் தாராளமாக நுழையும். பழைய வெள்ளைப் பூச்சு கண்ணாடிபோல் இருக்கிற சுவரில் தேளால் ஏற முடியாது. பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிற இடம்தான் அதற்கு ஏணி. அதைச் சுண்ணாம்புக் காரையாலேயே பூசச் சொல்லுங்கள். கொத்தனார் சிமென்ட் என்பார். பழைய சுண்ணாம்புச் சுவரோடு சிமென்ட் ஒட்டாது, கொஞ்ச நாளில் விரிசல் விட்டுத் தேளுக்குப் புதுவீடு கட்டிக் கொடுத்துவிடும். பின்கட்டு விறகையும், அடுக்கிய உடைந்த ஓட்டையும் சுவரைவிட்டுத் தள்ளி, தரைக்கு மேலே தூக்கி வையுங்கள். அதை எடுக்கும்போது கனமான கையுறை கட்டாயம்.

பூட்டிய அறைகளில் சுருட்டி வைத்த பாயையும் ஜமுக்காளத்தையும் படைப்புக்கு முந்தின நாளே வெயிலில் உதறிக் காயப்போடுங்கள். குழந்தைகளைத் தரையில் படுக்கவைக்க வேண்டாம். நாட்டு ஓட்டிலிருந்து மேலே விழுவதும் உண்டு; கொசுவலை கட்டி ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

கோழி வளர்த்தால் போதாதா என்று கேட்பார்கள். கோழி தேளைக் கொத்தித் தின்னும், உண்மைதான். ஆனால் கோழி அடைகிற நேரத்தில்தான் தேள் வெளியே கிளம்புகிறது.

கண்ணில் பட்டால் எது என்று பாருங்கள். பெரிய கருந்தேள் பார்க்கத்தான் பயங்கரம்; வலியோடு பெரும்பாலும் போய்விடும். மெல்லிய கவ்வியும் தடித்த வாலும் கொண்ட சிறிய செந்தேள்தான் ஆபத்து, குழந்தைகளுக்கு மிகவும். அது கொட்டிய பிறகு வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, எச்சில் வடிவது, கைகால் சில்லிடுவது, மூச்சுத் திணறல் வரலாம். குழந்தையைக் கொட்டினால் எதுவும் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது, 108ஐ அழைத்துவிடுங்கள். கீறுவது, கயிறு கட்டுவது, மந்திரிக்கப் போவது எல்லாம் நேரத்தைத் தின்னும். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையால் செந்தேள் கடிக்கு வைத்தியம் பார்த்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். இப்போது அந்த மாத்திரையும் விஷமுறிவு மருந்தும் கையில் உண்டு. ஆனால் அதை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். ஊருக்குப் போனதும், விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேட்டு, எண்ணை முகப்புச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.