எல்க் வேட்டை: வில் முதல் ஐஸ் பெட்டி வரை – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: செப்டம்பரில் கொலராடோவுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போகிறேன். பயிற்சி முனை போட்டால் 40 கெஜத்தில் அம்பு நடுவில் குத்துகிறது. பிராட்ஹெட் (வெட்டும் தகடுகள் கொண்ட வேட்டை முனை) மாட்டினால் ஒரு சாண் இடப்பக்கம் போய்விடுகிறது. குறிபார்க்கும் சைட்டை நகர்த்தினால் போதுமா? – ஒரு வாசகர், டென்வர்

பதில்: சைட்டில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். அம்பு வில்லை விட்டுச் சற்றே சாய்வாகக் கிளம்புகிறது. பயிற்சி முனையில் அது தெரியாது. பிராட்ஹெட்டின் தகடுகள் காற்றைப் பிடித்து, சாய்ந்த பக்கமே அம்பை இழுத்துப் போகும். சைட்டை நகர்த்தினால் குறி சேரும், சாய்வு அப்படியே இருக்கும். சாய்ந்து போய்க் குத்தும் அம்பு எல்க் உடம்பில் ஆழமாக இறங்காது.

முதலில் ஒவ்வொரு அம்பையும் நுனியில் நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள். முனை தள்ளாடினால் அந்த அம்பை ஒதுக்குங்கள். மிச்சமிருப்பவை எல்லாமே ஒரே சீராக இடப்பக்கம் போனால், அம்பு தாங்கும் ரெஸ்டை வலப்பக்கம், அதாவது பயிற்சி முனை குத்தும் பக்கம், நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக! நகர்த்தியதும் இரண்டு வகை முனையையும் 20 கெஜத்தில் எய்து பாருங்கள், பிறகு 30, பிறகு 40. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்த பிறகுதான் சைட். நகர்த்தியும் சேரவில்லையென்றால் அம்பின் விறைப்பு உங்கள் வில்லுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்; வில் கடையில் காட்டிவிடுங்கள்.

கொலராடோ சட்டம் 35 பவுண்டு இழுவிசையும், 7/8 அங்குல அகலத்தில் இரண்டு எஃகு வெட்டுவாயாவது உள்ள முனையும் கேட்கிறது. எல்க்குக்கு 35 பவுண்டு போதாது என்பதே எங்கள் கருத்து. 60 பவுண்டுக்குக் குறையாத வில்லும் 450 கிரெய்ன் (சுமார் 29 கிராம்) எடைக்குக் குறையாத அம்பும் வேண்டும். பயிற்சியில் எய்த தகடுகள் மழுங்கியிருக்கும். வேட்டைக்குப் புதுத் தகடு போடுங்கள்.

கேள்வி: பகலில் 24 டிகிரி வெயில். போன வருடம் உறவினர் கொண்டுவந்த பின்தொடை வெளியே நன்றாக இருந்தது, எலும்பை ஒட்டி மட்டும் நாற்றம். ஏன்? வயிற்றைத் திறக்காமலே கறி எடுக்கலாம் என்கிறார்களே, எப்படி? – ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: பின்தொடையில் இடுப்பு மூட்டைச் சுற்றித்தான் கறி ரொம்பத் தடிமன். எல்க்கின் தோலும் ரோமமும் கம்பளி போல உடல் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். மேல்பரப்பு ஆறிவிட்டது என்று கை சொல்லும். எலும்பருகே சூடு மணிக்கணக்கில் தங்கி, அங்கிருந்தே கறி கெடும். மான் விழுந்ததும் டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) வேலையை முடித்துவிட்டு, உடனே தோலில் கத்தி வையுங்கள்.

மானை ஒரு பக்கமாகச் சாய்த்து, கழுத்திலிருந்து வால் வரை முதுகுத்தண்டை ஒட்டித் தோலைக் கீறுங்கள். கத்தியின் கூர் மேலே பார்க்க, தோலுக்கு அடியிலிருந்து வெட்டினால் ரோமம் அறுந்து கறியில் ஒட்டாது. தோலை வயிற்றுப் பக்கமாக உரித்து விரித்தால் அதுவே பாய். முன்காலுக்கு உடம்போடு எலும்பு மூட்டு கிடையாது. காலைத் தூக்கிப் பிடித்து, தோள்பட்டைக்கும் விலாவுக்கும் நடுவே அறுத்தால் கையோடு வந்துவிடும். பின்காலுக்கு இடுப்பெலும்பை ஒட்டியே அறுத்துப் போங்கள். பந்துக் கிண்ண மூட்டு தெரியும். அதற்குள் இருக்கும் நாரை வெட்டினால் கால் கழன்றுவிடும். பிறகு முதுகுக்கறி, கழுத்துக்கறி, விலாக்கறி. மறுபக்கம் திருப்பி இதையே செய்யுங்கள். உள்முதுகுக்கறியைக் கடைசியில் எடுங்கள்: கடைசி விலாவுக்குப் பின்னால் சிறு வெட்டுப் போட்டு, குடலைக் கையால் கீழே அழுத்திக்கொண்டு, முதுகுத்தண்டின் அடியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால்தான் குடல் கிழியும்.

வெயில் நாளில் தொடை எலும்பை அங்கேயே எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் எலும்பு நெடுகக் கீறி, காற்றுப் பட விடுங்கள். காற்றுப் புகும் துணிப்பைதான் வேண்டும். பிளாஸ்டிக் பையில் சூடும் ஈரமும் அடைந்து கறி புழுங்கிவிடும். எலும்பில்லாத கறியைக் குவித்து வைத்தாலும் நடுவில் சூடு நிற்கும், ஒரு பைக்கு 12 கிலோ போதும். வடக்குச் சரிவு நிழலில், ஓடை இருந்தால் அதன் அருகில், பைகள் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். கருங்கரடி உலவும் காடு என்பதால், குடல் கிடக்கும் இடத்திலிருந்து 100 கெஜமாவது தள்ளி, உயரத்தில் கட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் இரண்டு பேர். சாலையிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே போகலாம்? – ஒரு வாசகர், ஆஸ்டின்

பதில்: வளர்ந்த கிடாவில் எலும்பில்லாமல் 80 முதல் 100 கிலோ கறி வரும். ஆளுக்கு 20 கிலோ என்றாலும் ஐந்து சுமை, அதாவது ஒருவர் மூன்று, மற்றவர் இரண்டு. இரண்டு மைல் உள்ளே விழுந்தால், மூன்று சுமைக்காரர் போக வர 10 மைல் நடப்பார், அதுவும் மலையில். ஆகவே குளிர்ந்த நாளில் இரண்டு மைல், வெயில் நாளில் ஒன்று. அதற்கு அப்பால் நல்ல கிடா நின்றாலும் அம்பைத் தொடாதீர்கள்.

அம்பு பட்ட மானைத் தேடிப் போகுமுன் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்; அதை ரத்தத்தின் நிறம் சொல்லும். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல், அரை மணி. கருஞ்சிவப்பு ஈரல், நான்கு முதல் ஆறு மணி. பச்சை கலந்து நாறினால் குடல், எட்டு மணிக்குக் குறையக்கூடாது. மாலையில் இப்படிப் பட்டால் கறி பெரும்பாலும் பாழ். அதனால் பக்கவாட்டில் நிற்காத மானுக்கு மாலையில் எய்யவே வேண்டாம்.

சுமையை முதுகோடு ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே உயரமாகக் கட்டுங்கள். கறி தொங்கினால் இறக்கத்தில் முழங்கால் போய்விடும். கொம்பு கடைசி நடைக்கு.

கேள்வி: காரில் வேறு மாநிலம் கொண்டுபோக என்ன செய்ய வேண்டும்? – ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பாலினம் காட்டும் உறுப்பு ஒரு தொடையோடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும், அறுக்கும்போதே அதை விட்டுவையுங்கள். கிரானிக் வேஸ்டிங் என்ற, மான்களின் மூளையைத் தாக்கும் நோயால் பல மாநிலங்கள் மூளையையும் தண்டுவடத்தையும் உள்ளே விடுவதில்லை. தலையை கொலராடோ வனவிலங்குத் துறையிடம் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை சமைக்காதீர்கள். நோய் உறுதியானால் அந்தக் கறியைச் சாப்பிடக் கூடாது. 100 லிட்டர் ஐஸ் பெட்டி இரண்டு போதும். தண்ணீரை பாட்டிலோடு உறையவைத்து அடியில் அடுக்குங்கள், உருகிய நீரில் கறி ஊறாது.