ஏற்றுக்கொள்வது அப்புறம் ஆகட்டும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 38. சிங்கப்பூரில், ஈசூனில் வீடு, ராஃபிள்ஸ் பிளேஸில் வேலை. மூன்று வருடமாக இரண்டு கண்ணிமைகளும் கண்ணைச் சுற்றியுள்ள தோலும் சிவந்து, தடித்து, செதில் செதிலாக உரிகின்றன. அரிப்பு தாங்க முடிவதில்லை. நாத்தனார் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒரு கிரீமைப் போட்டால் இரண்டு நாளில் மறைந்துவிடும். நிறுத்தினால் பத்து நாளில் திரும்ப வரும். அம்மா சொன்னதால் கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் நிறுத்தியாயிற்று. மாமியார் திருஷ்டி என்கிறார். ஆபீஸில் யாராவது ஒருவர் தினமும் "அழுதியா?" என்று கேட்கிறார். கண்ணுக்கு நான் மை கூடப் போடுவதில்லை. போன டிசம்பரில் தஞ்சாவூரில் ஒரு மாதம் இருந்தபோது மட்டும் ஒன்றுமே இல்லை. ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது போல. திரும்பி வந்த இரண்டாவது வாரமே ஆரம்பித்துவிட்டது.

இது என் உடம்பு வாகு, இதோடுதான் வாழவேண்டும் என்று மனதைத் தயார் செய்யப் பார்க்கிறேன், முடியவில்லை. ஒரு நோயை எப்படி ஏற்றுக்கொள்வது? அப்புறம், ஜூனில் தங்கைக்குக் கல்யாணம். மேக்கப் போடலாமா?

எஸ்., ஈசூன்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் என் அத்தையைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போய் வந்திருந்தேன். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். அதனால் உங்கள் கடிதம் வீட்டில் ஒருவர் எழுதியது போலவே இருந்தது. கொஞ்சம் கடுமையாகப் பேசினால் அந்த உரிமையில்தான்.

"அழுதியா?" என்ற கேள்வி எவ்வளவு அலுப்பானது என்று எனக்குத் தெரியும். கையிலோ முதுகிலோ வந்தால் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளலாம். கண்ணைச் சுற்றி வந்தால் எதிரில் நிற்பவர் முதலில் பார்ப்பதே அதைத்தான். பெண்ணின் கண் வீங்கியிருந்தால் வீட்டில் சண்டை, புருஷன் சரியில்லை என்று அவரவரே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "தோல் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

திருஷ்டி கழிப்பதை மாமியாரின் மனசுக்காகச் செய்துகொள்ளுங்கள், மிளகாய் சுற்றிப்போடும் புகையில் மட்டும் நிற்காதீர்கள். இறாலும் கத்தரிக்காயும் நிறுத்தியும் வந்துகொண்டுதானே இருக்கிறது? அப்புறம் எதற்கு வாயைக் கட்டுகிறீர்கள்? நன்றாகச் சாப்பிடுங்கள்.

ஏற்றுக்கொள்வதற்கு வருகிறேன். எதை ஏற்றுக்கொள்ளப் போகிறீர்கள்? அது என்ன என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? கடிதத்தில் நாத்தனார் இருக்கிறார், அம்மா இருக்கிறார், மாமியார் இருக்கிறார், ஆபீஸ் இருக்கிறது. ஒரு டாக்டர் கூட இல்லை. மூன்று வருடம்! இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நம்மிடம் இருக்கும் பெரிய கெட்ட பழக்கம் இது. தேடிப் பார்க்கும் முன்பே பொறுத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறோம். அதற்கு விதி, உடம்பு வாகு, பக்குவம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். பெண்கள் என்றால் இதில் இன்னும் வேகம். தீர்க்க முடியாத நோய்களோடு கண்ணியமாக வாழ்கிறவர்களை அறிவேன், அவர்கள் காலில் விழுவேன். ஆனால் அவர்கள் தங்களுக்கு வந்தது என்ன என்று தெரிந்துகொண்ட பிறகு ஏற்றுக்கொண்டவர்கள்.

கண்ணைச் சுற்றி வரும் அழற்சி ஒரே நோய் அல்ல. சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா, அடுக்குத் தும்மல் உள்ளவர்களுக்கு வரும் எக்ஸிமா உண்டு. தலைப்பொடுகோடு சேர்ந்து புருவத்திலும் இமை ஓரத்திலும் வருவது உண்டு. சோப்பும் ஏர்கான் காற்றும் தோலை உலர்த்தி வருவது உண்டு. ஏதோ ஒரு பொருள் பட்டு ஒவ்வாமையால் வருவது உண்டு. இமையில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் இந்தக் கடைசி வகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அழற்சியை அடக்கத் தடவுகிற ஸ்டீராய்டு கிரீமே உண்டாக்குவதும் உண்டு. கண்ணாடியில் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். வைத்தியம் வேறு வேறு.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரியை நீங்களே போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். தஞ்சாவூரில் ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. அதைத் தண்ணீர் கணக்கில் எழுதிவிட்டீர்கள். சிங்கப்பூரில் எதை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று ஏன் யோசிக்கவில்லை?

என் அத்தை கதையை இப்போது சொல்ல வேண்டும். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் கணவரை இழந்து எங்களோடு தோ பாயோ வீட்டில் இருந்தார். எழுபதுகளின் கடைசியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இந்த ஊரில் ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படிப் போனார்கள். அத்தைக்கு சால்டரிங் வேலை, மின் இணைப்புகளை ஈயம் உருக்கிப் பற்றவைப்பது. சூட்டுக்கோலை ஈயக் கம்பியில் வைத்ததும் மெலிதாக வெள்ளைப் புகை எழும். குனிந்து பார்த்துச் செய்கிற வேலை என்பதால் அந்தப் புகை நேராக முகத்துக்குத்தான் வரும். வீட்டுக்கு வந்தால் அவருடைய சட்டையில் ஏதோ மரப்பிசின் வாசனை அடிக்கும், சின்னப் பையனான எனக்கு அது பிடித்த வாசனை.

சேர்ந்து ஒரு வருடத்துக்குள் கண்ணிமைகள் வீங்க ஆரம்பித்தன. ராத்திரி ஜன்னலோரம் உட்கார்ந்து, நனைத்துப் பிழிந்த குட்மார்னிங் துண்டை மடித்துக் கண்மேல் வைத்துக்கொள்வார். வீட்டில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: இவள் ராத்திரியெல்லாம் புருஷனை நினைத்து அழுகிறாள். அத்தை அழவில்லை. சொன்னால் யாரும் நம்பவில்லை. கொஞ்ச நாளில் மறுப்பதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண் தேறும், செவ்வாய்க்கிழமை மறுபடி வீங்கும். சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலையை மூடினால் முகம் பளிச்சென்று ஆகிவிடும். "நல்லாத் தூங்கினா, அதான்" என்பார் பாட்டி. வாரம் தவறாமல் அந்த உடம்பு காரணத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

டாக்டரிடம் ஏன் போகவில்லை? அப்போது தோல் வைத்தியம் என்றால் மிடில் ரோடு ஆஸ்பத்திரி. பால்வினை நோய்களுக்கும் அங்கேதான் வைத்தியம். இளம் விதவை ஒருத்தி அந்த வாசலில் நிற்பதை யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று பாட்டி தடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக யாரோ ஒரு டியூப் கொடுத்தார்கள். தடவினால் அடங்கியது. தீர்ந்தால் அடுத்த டியூப். சீப்பின் முதுகால் அடியிலிருந்து வழித்து வழித்து, கடைசிப் பொட்டுவரை பிதுக்கி எடுப்பார். அப்படியே ஒன்பது, பத்து வருடம்.

1988-இல் மிடில் ரோடு ஆஸ்பத்திரியை மூடினார்கள். அதே வருடம் நவம்பரில் மண்டலே ரோட்டில் தேசியத் தோல் நிலையம் திறந்தது. அதற்குப் பிறகு கூட வேலை பார்த்த ஒரு மலாய் அக்கா அத்தையைக் கையோடு அங்கே இழுத்துப் போனார். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை வைத்த ஒட்டுகளை முதுகில் ஒட்டிப் பரிசோதித்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் சிவந்து கொப்புளித்தது: கொலோஃபோனி. பைன் மரத்துப் பிசின். ஈயக் கம்பிக்குள் இருப்பதும் அதுதான், சூட்டில் புகையாவதும் அதுதான். அத்தை பேக்கிங் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் இமைகள் தெளிந்துவிட்டன. அன்று அத்தை அழுததை நான் பார்த்தேன்.

ஆனால் அந்த டியூப்கள்? அறுபது வயதில் அத்தைக்குக் கிளாக்கோமா என்று தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெட்டுப்போகும் நோய். கண் மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, கண்ணருகே ஸ்டீராய்டு போட்டதுண்டா என்பது. அதுதான் முழுக் காரணம் என்று அவர் அறுதியிடவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருந்த அத்தையை நான் மறக்க மாட்டேன். இன்று அவருக்கு இடது பக்கப் பார்வை குறைவு. நிலைப்படியில் இடித்துக்கொள்கிறார்.

இப்போது உங்கள் டியூபை எடுத்து, அதில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அவை வலுவான ஸ்டீராய்டுகள். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, அரை மில்லிமீட்டர் அளவுதான். உள்ளங்கை உறிஞ்சுவதைவிடப் பல மடங்கு மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். நீண்ட நாள் போட்டால் தோல் இன்னும் மெலியும், கண் அழுத்தம் கூடலாம், புரை விழலாம். அழுத்தம் கூடுவது வலிக்காது, அதனால் தெரியாது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரலாம், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி தடவுவோம். உங்கள் பத்து நாள் கணக்கு எனக்கு அப்படித்தான் தெரிகிறது. பெயரே எழுதாத, "முழுக்க மூலிகை" என்று விற்கிற கிரீம் என்றால் இன்னும் ஆபத்து. அப்படி விற்றவற்றில் வலுவான ஸ்டீராய்டு கலந்திருந்ததைக் கண்டுபிடித்துச் சுகாதார அறிவியல் ஆணையம் இங்கே பலமுறை எச்சரித்திருக்கிறது.

ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் மிதமான ஒன்றைச் சில நாளுக்கு எழுதிக்கொடுத்தால் பயப்படாமல் போடுங்கள். இமைக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ் களிம்புகளும் இருக்கின்றன. முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும். நான் எதிர்ப்பது நாத்தனார் கொடுத்து, பக்கத்து வீட்டுக்குக் கைமாறி, யாரும் கணக்கு வைக்காமல் போய்க்கொண்டே இருக்கும் அந்த டியூபை. நாத்தனார் அன்பால்தான் கொடுத்தார். அத்தைக்குக் கொடுத்தவர்களும் அன்பால்தான் கொடுத்தார்கள்.

கண்ணுக்கு மை கூடப் போடுவதில்லை என்கிறீர்கள். கைக்கு? நகப்பூச்சு ஒவ்வாதவர்கள் பலருக்கு நகத்தில் ஒன்றும் ஆகாது, விரலிலும் ஆகாது, தொட்ட இமைதான் சிவக்கும். ஆபீஸ் போகும் பெண்கள் போட்டுக்கொள்ளும் ஜெல் நகங்களில் இருக்கும் அக்ரிலேட் என்ற ரசாயனமும் இமையைச் சிவக்க வைக்கலாம், அது விரலையும் விடாது. தலைக்குப் போடும் டை இமையை வீங்கவைக்கலாம். ஷாம்பு வழிந்து இறங்குவது இமை வழியாகத்தான். முகத்துடைப்புத் தாளில் இருக்கும் பதப்படுத்தி, கண் சொட்டு மருந்தில் இருக்கும் பதப்படுத்தி, நிக்கல் கலந்த மூக்குக்கண்ணாடிச் சட்டம், குங்குமச் சாயம், வீட்டுக்காரர் அடிக்கும் சென்ட், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, எதுவும் காரணமாக இருக்கலாம். தலைவலிக்கு நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்த விரல் அடுத்து எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இயற்கையானது ஒன்றும் செய்யாது என்று மட்டும் நினைக்காதீர்கள். அத்தையின் கண்ணைக் கெடுத்தது சுத்தமான மரப்பிசின்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோகாத பொருள்களை எழுதுங்கள், எந்தக் கிழமையில் கூடுகிறது என்று எழுதுங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டி, தோல் நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். அப்படிப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். ஒட்டுப் பரிசோதனை செய்ய முடியுமா என்று நீங்களே கேளுங்கள். முதுகில் ஒட்டி இரண்டு நாள் வைத்திருப்பார்கள், முதுகு நனையக் கூடாது, நம் ஊர் வெயிலில் வேர்க்கவும் கூடாது, கஷ்டம்தான். எடுத்த பிறகு இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். வீட்டில் பயன்படுத்தும் எல்லாவற்றையும் டியூபோடு சேர்த்துப் பையில் போட்டு எடுத்துப்போங்கள். மூன்று வருடம் தடவியிருக்கிறீர்கள், கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கண்ணைத் தேய்க்காமல் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள், வாசனை சேர்க்காத வெறும் வாசலின் போதும். கண்ணுக்குள் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கொத்தாகக் கொப்புளம் என்று ஏதாவது வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி.

தங்கை கல்யாணத்துக்கு மேக்கப் போடலாமா என்று கேட்டீர்கள். எது ஆகாது என்று அதற்குள் தெரிந்துவிட்டால் அது இல்லாததை வாங்கி, ஒரு வாரம் முன்பிருந்தே முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தெரியாவிட்டால் இமையை விட்டுவிட்டு மற்ற அலங்காரம் எல்லாம் செய்துகொள்ளுங்கள். கையில் "கறுப்பு மருதாணி" வைக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தலைச்சாயத்தில் இருக்கும் அதே பொருளை அதில் கலப்பதுண்டு. நிபுணரைப் பார்க்கத் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். ஜூனை மனதில் வைத்து இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் பதிவு செய்யுங்கள்.