கட்டம் காலியாக இருந்தால் என்ன பொருள்?

பொது சுகாதாரக் கேள்வி–பதில்

டாக்டர், ஒரு கர்ப்பிணியின் விவரத்தை நான்கு ரிஜிஸ்டரில் எழுதுகிறேன். பிறகு அதையே டேப்லெட்டிலும் ஏற்றுகிறேன். இதையெல்லாம் மேலே யாராவது படிக்கிறார்களா? – சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர்

சிஸ்டர், பணிக்காலம் முழுக்க இந்த ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்தவள் நான். எல்லாவற்றையும் படிக்கிறார்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டிப் போட்டு மேலே அனுப்புகிறார்கள். படிப்பது வேறு வேலை.

நான்கு ரிஜிஸ்டர் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். காசநோய்த் திட்டம் ஒரு படிவத்தோடு வந்தது. தடுப்பூசித் திட்டமும் தாய்சேய் நலமும் எச்ஐவி திட்டமும் ஆளுக்கொரு படிவத்தைக் கொண்டுவந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனி அதிகாரி. பழைய படிவத்தை நிறுத்தும் அதிகாரம் மட்டும் யார் கையிலும் இல்லை. கணினி வந்தபோதும் ரிஜிஸ்டர் போகவில்லை. பல நாடுகளில் இதுதான் கதை.

இந்தச் சுமை எண்களில் அப்படியே தெரியும். மாதக் கடைசியில் வரும் ரிப்போர்ட்டில் வரிசையாக எல்லாருக்கும் ரத்த அழுத்தம் 120/80 என்றிருந்தால், அங்கே கருவி பழுதாகியிருக்கலாம், அல்லது அளக்க நேரமே இல்லாத அளவுக்குச் செவிலியர் களைத்திருக்கலாம். சில இடங்களில் தடுப்பூசி 104 சதவீதம் என்று வரும். அதற்குச் செவிலியரைக் கடிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன், அது அநியாயம். எத்தனை குழந்தைகள் என்ற கணக்கைப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து மதிப்பிட்டு மேலேயிருந்து தருகிறார்கள். பக்கத்துப் பகுதிக் குழந்தையும் உங்களிடம்தான் ஊசி போட வருகிறது. பிறகு நூறைத் தாண்டாமல் என்ன செய்யும்?

ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது காலிக் கட்டங்களை. தட்டம்மைக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை என்றால், நோயாளி யாரும் வரவில்லையா, அல்லது எழுத ஆள் இல்லையா? இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம். போலியோ கண்காணிப்பில் திடீர் வாதம் கண்ட குழந்தை ஒன்றுகூட இல்லாத வாரத்திலும் ‘பூஜ்ஜியம்’ என்று எழுதி அனுப்பியாக வேண்டும் என்ற விதி அதனால்தான் வந்தது. அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பின்னால் தேடிப் பார்த்த ஒரு மனுஷி இருக்கிறாள்.

இதற்கு வழி இல்லாமலில்லை. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு தென்னாப்பிரிக்காவில், ‘முடிவெடுக்கக் கட்டாயம் தேவைப்படும் எண்கள் எவை?’ என்று கேட்டு, அந்தக் குறைந்தபட்சப் பட்டியலிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான், சுகாதார நிலையங்களின் எண்களைச் சேர்த்துத் தொகுக்கும் ‘டிஎச்ஐஎஸ்2’ என்ற இலவச மென்பொருள். ஓஸ்லோ பல்கலைக்கழகம் முன்னெடுக்க, இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடுகிறது. ஆனால் மென்பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் பயன் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில், உங்கள் நிலையத்தின் ஓராண்டு எண்களை வரைபடமாகத் தரச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கொரோனா காலத்தில் பணக்கார நாடுகளே கணக்கில் தடுமாறியது ஏன் டாக்டர்? – கல்லூரி மாணவி ஒருவர்

இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன், அம்மா. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. பரிசோதனைக்கூடங்கள் அனுப்பிய பட்டியலைப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிசைக்கு மேல் ஏற்காது. மீதி உதிர்ந்துபோனது. நோயாளிகளுக்கு முடிவு தெரிந்துவிட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் தாமதமானது. தொற்றுநோயில் அந்தச் சில நாட்கள் எத்தனை பெரியவை!

பணம் இருந்தது. ஆனால் பரிசோதனைக்கூடத்தையும் கண்காணிப்பு அலுவலகத்தையும் இணைக்கும் இடத்தில்தான் ஓட்டை இருந்தது. அதே ஆண்டு இலங்கை, ஏற்கெனவே பழகியிருந்த டிஎச்ஐஎஸ்2-ஐ மாற்றியமைத்து, வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் கண்காணிக்க ஜனவரியிலேயே தயாரானது. சொந்த நாட்டிலேயே அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் இருந்ததுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்பாவின் இறப்புச் சான்றிதழில் ‘இதயம் நின்றது’ என்று மட்டும் இருக்கிறது. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை, கடைசியில் சிறுநீரகமும் போய்விட்டது. இது முக்கியமா? – வாசகர் ஒருவர்

மிகவும் முக்கியம், தம்பி. இறக்கிற எல்லாருக்கும் இதயம் நிற்கும், அது காரணமாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் படிவம் வரிவரியாக இறங்கிப்போய், எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நோயைக் கேட்கிறது. உங்கள் அப்பாவுக்குப் பெரும்பாலும் அந்தக் கடைசி வரியில் சர்க்கரை நோய் வந்திருக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில் விடுபட்டால், டயாலிசிஸுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று முடிவு செய்பவரின் கண்ணில் அந்த நோயே படாது. உலகில் பத்தில் நான்கு இறப்புகள் பதிவாவதே இல்லை என்று 2021-இல் அந்த நிறுவனம் சொன்னது. பதிவாகிறவற்றையாவது சரியாக எழுத வேண்டாமா?

பழைய சிகிச்சைத் தாள்களை எடுத்துக்கொண்டு, சான்றளித்த மருத்துவரைப் போய்ப் பாருங்கள். திருத்த வழி இருக்கிறதா என்று பதிவு அலுவலகத்திலும் கேளுங்கள்.