குரலுக்கு விழுந்த ஓட்டா?

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் பத்திரிகையாளர் வெர்னான் பார்ட்லெட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிபிசி வானொலியில் உலக நடப்பைச் சொல்லிப் பெயர் வாங்கியவர், அந்தப் பெயரை வைத்தே 1938இல் எம்.பி. ஆனது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ரேடியோவில் செய்தி சொல்கிறவர் எல்லோருக்கும் பொதுவானவர் அல்லவா?

வாசகர், வண்ணாமடை

அன்புள்ள நண்பருக்கு,

வண்ணாமடை என்றதுமே எனக்குக் கொழிஞ்சாம்பாறை டீக்கடை ரேடியோ ஞாபகம் வந்துவிட்டது. தில்லித் தமிழ்ச் செய்தி முடிந்ததும் கடைக்காரர் முள்ளைத் திருகித் திருச்சூரில் நிறுத்துவார், மலையாளச் செய்திக்காக. இரண்டையும் கேட்ட பிறகுதான் அப்பா தோட்டத்துக்குக் கிளம்புவார். "ரேடியோவுலயே சொல்லீட்டாங்க" என்றால் அப்புறம் பேச்சே கிடையாது. அதனால் உங்கள் உறுத்தல் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் பார்ட்லெட் செய்தி அறிக்கை வாசித்தவர் இல்லை. வெளிநாட்டுச் செய்திகளை விளக்கிப் பேசியவர். 1933 அக்டோபரில் ஹிட்லரின் ஜெர்மனி சர்வதேச சங்கத்திலிருந்து (இன்றைய ஐ.நா.வுக்கு முன்னோடி) விலகியபோது, அவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று அந்தப் பக்கத்து நியாயத்தையும் எடுத்துச் சொன்னார். அரசுக்கு அது பிடிக்கவில்லை. சீக்கிரமே பிபிசியை விட்டு நியூஸ் கிரானிக்கிள் நாளிதழுக்குப் போய்விட்டார்.

அதே மனிதர்தான், செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தத்தை எதிர்த்து, 1938 நவம்பரில் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் தொகுதி இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்றார். ஐந்து வருஷத்தில் அவர் கணிப்பு எவ்வளவு மாறியிருக்கிறது பாருங்கள்! எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது இதனால்தான். லேபர், லிபரல் இரண்டு கட்சிகளும் ஆள் நிறுத்தாமல் வழிவிட்டன. கன்சர்வேட்டிவ் தொகுதியை 2,332 ஓட்டு வித்தியாசத்தில் பிடித்தார்.

மைக் முன்னால் உட்கார்ந்துகொண்டே ஓட்டுக்கு அடிபோடுவது தப்புதான், அதில் நான் உங்கள் பக்கம். நம் ஆகாசவாணியில் அரசு ஊழியராக இருப்பவர் வேலையை விட்டால்தான் தேர்தலில் நிற்க முடியும். அது சரியான ஏற்பாடு. ஆனால் வேலையை விட்டு வெளியே வந்தவரையும் காலமெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்வது நியாயமா? உலகம் போகிற போக்கைத் தினமும் கவனித்தவர் அவர். யுத்தம் வரப்போகிறது என்று பட்டால் ஜனங்களிடம் போய்ச் சொல்லத்தானே வேண்டும்?

1945இலும் பிரிட்ஜ்வாட்டர் அவரையே தேர்ந்தெடுத்தது. ஏழு வருஷம் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு போட்ட ஓட்டு அது. ரேடியோக் குரலுக்கு மயங்கிப் போட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.